எபேசு பட்டணத்துச் சம்பிரதி சொன்ன சாட்சி

(தியானப் பகுதி: அப்போஸ்தலர் 19:23-41)



போன மாதம் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் சிலர் ஒரு போஸ்டர் மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சங்கீதம் 14:1ஐப் பெரிய எழுத்தில் போட்டு, பெரியார் சிலை இருக்கிற இடங்களுக்கு எதிரே ராத்திரியோடு ராத்திரியாய் ஒட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் யோசனை. "பாஸ்டர், அவங்க கல்லிலேயே வெட்டி வச்சிருக்காங்க. நாம பேப்பர்ல ஒட்டினா என்ன தப்பு?" என்று ஒரு தம்பி கேட்டான். அவன் வைராக்கியத்தை நான் அற்பமாய் எண்ணவில்லை. வெதுவெதுப்பாய்க் கிடக்கிற நூறு பேரைவிட இப்படிப்பட்ட ஒரு பையன் ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன். ஆனாலும் அந்தப் போஸ்டரை நான் அச்சகத்துக்கு அனுப்பவில்லை. ஏன் என்று சபையார் எல்லாரும் அறியும்படி இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பீடங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. 1967ல் பெரியார் வகுத்துக் கொடுத்த வாசகம். தெய்வம் என்று ஒன்று கிடையாது என மூன்று தடவை அடித்துச் சொல்லிவிட்டு, அதைச் சொல்லிக் கொடுத்தவனுக்கு ஒரு பட்டம், ஊரெல்லாம் கொண்டுபோனவனுக்கு ஒரு பட்டம், கும்பிடுகிறவனுக்கு ஒரு பட்டம். மூன்றும் வீட்டில் மாட்டி வைக்கிற பட்டம் இல்லை! பிரசங்கம் பண்ணுகிற என்னைப் போன்றவன் இரண்டாவது வரிசையில் வருகிறேன். விசுவாசிகள் மூன்றாவது வரிசையில்.

இதை எடுக்கச் சொல்லி ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019 செப்டம்பரில் நீதிபதிகள் எஸ். மணிக்குமார், சுப்பிரமணியம் பிரசாத் ஆகியோர் அமர்வு அந்த மனுவைத் தள்ளிவிட்டது. மதத்தைப் பற்றியும் கடவுள் இருப்பதைப் பற்றியும் பேச மனுதாரருக்கு அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் உரிமை இருக்கிறதென்றால், அதை ஒப்புக்கொள்ளாதவருக்கும் அதே உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அன்றைக்கு நம்மில் சிலருக்கு மனவருத்தம். "ஜட்ஜு இப்படிச் சொல்லிட்டாரே" என்றார்கள். நானோ, தேவ பிள்ளைகள் அந்தத் தீர்ப்பை ஸ்தோத்திரத்தோடே வாசிக்க வேண்டும் என்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள்.

நாம் மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் நின்று கைப்பிரதி கொடுக்கிறோமே, அது எந்தச் சட்டத்தின் பேரில்? 25ஆம் பிரிவின் பேரில். அந்தப் பிரிவு மனச்சாட்சியின் சுதந்திரத்தை முதலில் வைக்கிறது. அதற்குப் பிறகுதான் மதத்தை அறிக்கை செய்யவும், அனுசரிக்கவும், பரப்பவும் உள்ள உரிமை. "பரப்ப" என்கிற ஒரு சொல்லுக்காக 1948 டிசம்பர் 6ந்தேதி அரசியல் நிர்ணய சபையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்றவர்கள் பலர். அப்போது எழுந்து அந்தச் சொல் இருக்கட்டும் என்று பேசினவர்களில் ஒருவர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஆழ்வார்பேட்டை வழியாய்ப் போகிற டி.டி.கே. சாலை அவர் பேரில்தான் இருக்கிறது. அவர் கிறிஸ்தவர் அல்ல. தான் பதினாலு வருஷம் கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளில் படித்ததாகவும், யாரும் தன்னை மதம் மாற்றப் பிரயாசப்படவில்லை என்றும் அந்தச் சபையிலே சொன்னார். பாருங்கள், நம்முடைய உரிமைக்கு அன்றைக்கு உதவினது ஒரு அவிசுவாசி கண்ட நல்ல நடக்கை!

2002 அக்டோபரில் இந்த மாநிலத்தில் கட்டாய மதமாற்றத் தடை என்று ஓர் அவசரச் சட்டம் வந்ததை மூத்த விசுவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஞானஸ்நானம் கொடுக்கவே ஊழியர்கள் பயந்த காலம் அது. 2004ல் அது நீக்கப்பட்டது. நாம் முழங்காலில் நின்றோம், கர்த்தர் கிரியை செய்தார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்நாளில் அந்தச் சட்டத்தை எதிர்த்து மேடையேறிப் பேசினவர்களில் தெய்வ நம்பிக்கையே இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய கல்லைப் பிடுங்கச் சொல்லுகிற கை நாளைக்கு நம்முடைய கைப்பிரதியையும் பிடுங்கும். ஒரே கயிற்றில்தான் இரண்டும் கட்டியிருக்கிறது.

இன்னொன்று. "நாத்திகன்" என்ற பேர் ஒரு காலத்தில் யார் மேல் விழுந்தது தெரியுமா? நம்முடைய முற்பிதாக்கள் மேல்! கோயிலும் விக்கிரகமும் பலியும் இல்லாதபடியினாலே ரோமர் கிறிஸ்தவர்களைத் தெய்வமற்றவர்கள் என்றார்கள். இரண்டாம் நூற்றாண்டிலே சிமிர்னா சபையின் மூப்பர் பொலிகார்ப்பைச் சுட்டெரிக்குமுன், தெய்வமற்றவர்கள் ஒழிக என்று சொல்லிவிடு, விட்டுவிடுகிறோம் என்று தேசாதிபதி கேட்டான். அந்தக் கிழவர் கூடியிருந்த கூட்டத்தைக் கைகாட்டி அதே வார்த்தையைச் சொன்னார் என்று சரித்திரம் சொல்லுகிறது. அந்தப் பேருக்காகச் செத்தவர்களின் பிள்ளைகள் நாம். அதே பேரைக் கல்லாக எடுத்து இன்னொருவன் மேல் எறியலாமா?

சரி, சங்கீதம் 14க்கு வருவோம். தேவன் இல்லை என்று மதிகேடன் தன் உள்ளத்துக்குள்ளே சொல்லிக்கொள்ளுகிறதாக தாவீது பாடுகிறான். எங்கே சொல்லுகிறான்? மேடையிலா? பீடத்திலா? இருதயத்திலே. வாயைத் திறந்து சொன்னவனைப் பற்றின வசனமே இல்லை இது. எபிரெய மொழியில் அங்கே வருகிற வார்த்தை "நாபால்". கேட்ட மாதிரி இருக்கிறதா? 1 சாமுவேல் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். மூவாயிரம் ஆடும் ஆயிரம் வெள்ளாடும் உள்ள பெரிய ஆஸ்திக்காரன். மயிர் கத்தரிக்கிற நாளிலே, பசியாய் வந்த தாவீதின் வாலிபருக்கு ஒரு அப்பம் கொடுக்க மனமில்லாமல் துரத்தினான். அன்றைக்கு ராத்திரி ராஜாவைப் போல விருந்து வைத்தான். அவன் தெய்வம் இல்லையென்று எங்கேயும் பேசினதில்லை. கேட்டால் பக்தன் என்றுதான் சொல்லியிருப்பான். நடக்கையிலே தேவனுக்கு இடமில்லாதவன். அதே சங்கீதத்தின் 4ஆம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். அப்பத்தைத் தின்னுகிற மாதிரி ஜனங்களைத் தின்கிறவர்களைத்தான் தாவீது சொல்லுகிறான்.

அப்படியானால் அந்த வசனத்தை முதலில் எங்கே ஒட்ட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை அந்நிய பாஷையில் பேசிவிட்டு திங்கட்கிழமை வேலைக்காரிக்குச் சம்பளம் பிடிக்கிறவன் வீட்டுக் கதவிலே. தராசில் கைவைக்கிற விசுவாசியின் கடையிலே. ஆமென் சொல்ல மனசு வருகிறதா? மேலும், சகோதரனைப் பார்த்து மூடனே என்கிறவன் எரிநரகத்துக்கு ஏதுவாவான் என்று ஆண்டவர் மத்தேயு 5:22ல் எச்சரித்திருக்கிறார். பீடத்திலே நம்மை ஏசியிருக்கிறது வாஸ்தவம். பதிலுக்கு ஏச நமக்கு அனுமதி இல்லை.

ஒரு சகோதரன் கேட்டார்: "எலியா பாகால் தீர்க்கதரிசிகளைக் கேலி பண்ணினானே?" பண்ணினான், 1 இராஜாக்கள் 18ல். யார் தேசத்தில், யார் முன்னால்? தன் சொந்த ஜனமாகிய இஸ்ரவேல், உடன்படிக்கையை உடைத்து இரண்டு நினைவால் குந்திக்குந்தி நடந்தபோது. அதற்கு முந்தின அதிகாரத்தைப் பாருங்கள். அதே எலியா சாறிபாத்துக்குப் போகிறான். அது சீதோன் நாடு, பாகாலுக்குச் சொந்த ஊர். அங்கே ஒரு விதவையிடத்தில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு துண்டு அப்பமும் கேட்கிறான். அவள் வீட்டில் தங்கிச் சாப்பிடுகிறான். அவள் பிள்ளை செத்தபோது மடியிலிருந்து வாங்கிக்கொண்டு மேலறைக்குப் போய்க் கதறுகிறான். கேலி ஒன்றும் அந்த வீட்டில் இல்லை.

இப்போது எபேசுவுக்கு வாருங்கள். மயிலாப்பூரில் இருக்கிற விசுவாசிகள் இதைக் கொஞ்சம் அதிகமாய்க் கவனிக்கணும். கோபுரமும் தெப்பக்குளமும் மாடவீதியுமாய் நீங்கள் குடியிருக்கிற இடம் கிட்டத்தட்ட எபேசு மாதிரி. அந்தப் பட்டணம் முழுக்க தியானாள் கோயிலைச் சுற்றியே பிழைத்தது. பவுல் அங்கே மூன்று வருஷம் ஊழியம் செய்தான் (20:31). மாயவித்தைக்காரர் ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு பெறுமான புஸ்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். யாருடைய புஸ்தகங்களை? தங்களுடையவைகளை, தாங்களே, மனந்திரும்பி! பிறத்தியான் வீட்டுப் புஸ்தகத்தை யாரும் தொடவில்லை. வெள்ளிக் கோயில் செய்கிற தொழிலே படுத்துவிட்டது. தெமேத்திரியு கலகம் மூட்டினான். ஜனங்கள் இரண்டு மணி நேரம் கத்தினார்கள். அப்பொழுது எழுந்து நின்ற பட்டணத்துச் சம்பிரதி யார்? தியானாளின் பக்தன். அவன் என்ன சாட்சி சொன்னான்? இந்த மனுஷர் கோயிலில் கொள்ளையிட்டவர்களும் அல்ல, உங்கள் தேவியைப் பழித்துப் பேசினவர்களும் அல்ல என்றான் (19:37). அல்லேலூயா!

மூன்று வருஷம் பிரசங்கித்து, ஊர் வியாபாரத்தையே அசைத்தவன்மேல், அந்த ஊர் அதிகாரிக்கு இப்படிச் சாட்சி சொல்ல முடிந்தது. பவுல் சத்தியத்தைக் குறைத்தானா? இல்லை. கையினால் செய்யப்பட்டவை தேவர்கள் அல்ல என்று சொன்னான் என்பது எதிராளியின் வாயிலிருந்தே வருகிறது (19:26). சத்தியத்தைச் சொன்னான்; சத்தியத்தோடே தூஷணத்தைக் கலக்கவில்லை. நம்முடைய கைப்பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, மயிலாப்பூரில் ஒரு காவல் ஆய்வாளர் நம்மைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? அறுபத்துமூவர் விழாக் கூட்டத்துக்குள்ளே புகுந்து, அந்த ஜனங்கள் கையெடுத்துக் கும்பிடுகிறதைப் பிசாசு என்று அச்சடித்து நீட்டுவது தைரியம் இல்லை. அந்த வெயிலில் கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். யாராவது கேட்டால் நீங்கள் யாருடைய பிள்ளை என்று சொல்லுங்கள்.

2015ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். தாலி வேண்டுமா வேண்டாமா என்று ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு விளம்பரம் வந்தது. அவ்வளவுதான். நிகழ்ச்சி ஒளிபரப்பாகவே இல்லை. மார்ச் 12ந்தேதி விடியற்காலையில் அந்தப் புதிய தலைமுறை நிலையத்தின்மேல் டிபன் பாக்ஸ் குண்டு வீசினார்கள். ஏப்ரல் 14ந்தேதி பெரியார் திடலில் தாலி அகற்றும் நிகழ்ச்சி நடந்தது. அதே மாதம் நம்ம மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் வயதானவர்களைப் பிடித்துப் பூணூலை அறுத்தார்கள். தாலியைக் காப்பாற்ற ஒருவன் குண்டு எடுத்தான். மூடநம்பிக்கையை ஒழிக்க ஒருவன் தாத்தாவின் மார்பில் கைவைத்தான். இரண்டு பேரும் ஒரே ஆவியினால் ஏவப்பட்டவர்கள் என்பேன்.

(அந்த நாட்களில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர் நம் சகோதரி ஒருவரைப் பார்த்து, "நீங்களும் அந்தக் கட்சியாம்மா?" என்று கேட்டாராம். நம்ம சபைகளில் தாலியும் நகையும் போடாத சகோதரிகள் உண்டே! அது 1 பேதுரு 3ன்படி தாங்களாய் எடுத்துக்கொண்ட ஒப்புக்கொடுத்தல். புதுசாய் வருகிற சகோதரியின் கழுத்தில் இருக்கிறதைப் பற்றி யாரும் முதல் வாரத்திலேயே பேசவேண்டாம் என்று இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.)

சட்டமும் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறது. 1953ல் பெரியார் திருச்சியில் பிள்ளையார் பொம்மையை உடைத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. காலம் கடந்துவிட்டபடியால் விசாரணையைத் தொடரவில்லை. ஆனாலும் 1958ல் நீதிபதிகள், ஒரு ஜனக்கூட்டத்தார் பரிசுத்தமாய் எண்ணுகிறதை, அந்த நம்பிக்கை நமக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோர்ட்டுகள் மதித்து நடக்க வேண்டும் என்று எழுதினார்கள். நமக்கும் ஒன்று உண்டு. 2000ஆம் வருஷம், சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபை ஒன்றின் ஒலிபெருக்கி வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. கர்த்தருடைய செவி மந்தமல்ல, நமக்குத்தான் ஆம்ப்ளிஃபையர் தேவைப்படுகிறது. சுவருக்கும் இதேதான்: பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959லிருந்தே சட்டம் இருக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்காமல் அவர் சுவரில் இயேசு வருகிறார் என்று எழுதினால், வெள்ளையடிக்கிற அன்றைக்கு அவர் வாயில் வருவது ஸ்தோத்திரமாய் இருக்காது!

இப்படியெல்லாம் எழுதுகிறபடியினால், பாஸ்டர் நாத்திகத்தோடு ராஜியாகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். தேவன் உண்டு. இயேசு மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் உயிரோடெழுந்தார். இதை மறுக்கிறவர் தவறு சொல்லுகிறார் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுவேன். "ஐயா" என்று கூப்பிட்டுச் சொல்லுவேன். 1 கொரிந்தியர் 15:14, 15ல் பவுல் செய்கிறதைக் கவனியுங்கள். கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் எங்கள் பிரசங்கம் வெறும் வார்த்தை, நாங்கள் பொய்ச்சாட்சிக்காரர் என்று அவனே எழுதுகிறான். எங்கே அடித்தால் இது விழும் என்று எதிராளிக்கு இடம் காட்டுகிறான். பயந்தவன் அப்படிச் செய்வானா? பேதுருவும், நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவனுக்கு உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்கவும், அதைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் செய்யவும் சொல்லுகிறான் (1 பேதுரு 3:15). உத்தரவு சொல்லவேண்டும் என்றால் முதலில் கேள்வியைக் காதில் வாங்க வேண்டும்.

அவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் தூஷணம் இல்லை. 1924ல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனுஷன் நடக்கக்கூடாது என்றபோது, அந்தத் தெருவுக்காகப் பெரியார் ஜெயிலுக்குப் போனார். அதே போராட்டத்தில் ஜார்ஜ் ஜோசப் என்ற கிறிஸ்தவ வக்கீலும் சிறைப்பட்டார். ஏசாயா 58ல் நுகத்தின் பிணையல்களை அவிழ்க்கச் சொல்லியிருக்கிறதே, அது அன்றைக்கு அங்கே நடந்தது. நம் பக்கமோ, வடக்கன்குளத்தில் தேவாலயத்துக்கு உள்ளேயே சாதிக்குச் சாதி பிரித்து நின்ற சுவர் 1910ல்தான் இடிந்தது. "உங்க தேவன் எல்லாருக்கும் தகப்பன்னா, உங்களுக்குள்ளே ஏன் சுவர்?" என்று ஒரு பகுத்தறிவாளர் கேட்டால் வசனத்தை ஒப்பித்துத் தப்பிக்க முடியாது. நம்ம பெந்தெகொஸ்தே சபைகளில் செங்கல் சுவர் இல்லை, ஸ்தோத்திரம். வரன் பார்க்கிற நேரத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இலங்கையில் ஆபிரகாம் கோவூர் என்று ஒருவர் இருந்தார். அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவேன் என்று 1963ல் சவால் விட்டவர். அவர் யார் பிள்ளை? திருவல்லாவிலே, மார்த்தோமா சபையில் பெரிய பொறுப்பில் இருந்த ஒரு போதகரின் மகன்! இப்படி எத்தனை பேர் நம்முடைய ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே புறப்பட்டுப் போயிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தால் நமக்கு அழுகை வரும்.

அடையாறில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்த பேர் ஒன்று சொல்லுகிறேன்: அன்னி பெசன்ட். பெசன்ட் நகர் அவர் பேர்தான். பிரம்மஞான சபைத் தலைவியாய் 1907லிருந்து இருந்து, 1933ல் அடையாறிலேயே இறந்துபோனார். அதற்கு முன்னே பல வருஷம் இங்கிலாந்தில் பேர்போன நாத்திகப் பிரசங்கி. அதற்கும் முன்னே? ஒரு போதகரின் மனைவி. லிங்கன்ஷயரில் சிப்சி என்ற கிராமத்து ஆலயத்துப் போதகர் பிராங்க் பெசன்ட்டின் மனைவி. 1871ல் அவருடைய சின்னப் பெண் மேபலுக்குக் கக்குவான் இருமல். மூச்சு விடத் தவிக்கிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாரக்கணக்காய்த் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். குழந்தை பிழைத்தது. தாயின் விசுவாசம் பிழைக்கவில்லை. அன்புள்ள தேவன் இந்தச் சிசுவை ஏன் இப்படி வதைக்க விட்டார் என்ற கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டது. புஸ்தகம் புஸ்தகமாய் வாசித்தார். கடைசியில், அந்நாளில் இங்கிலாந்திலேயே பெரிய வேதபண்டிதர் என்று பேர் எடுத்த ஆக்ஸ்போர்டு டாக்டர் பியூசியைத் தேடிப் போனார். அவர் சொன்ன பதிலை அன்னி பெசன்ட் தன் சுயசரிதையில் எழுதி வைத்திருக்கிறார்: நீ ஏற்கெனவே அதிகம் வாசித்துவிட்டாய், இனி வாசிக்காதே, சத்தியத்தைக் கண்டுபிடிப்பது உன் வேலை அல்ல, சபை சொல்லுகிறதை ஏற்றுக்கொள். 1873ல் அவர் தன் புருஷனைவிட்டுப் பிரிந்தார். 1874ல் நாத்திக சங்கத்தில் சேர்ந்தார்.

நம் சபையிலும் ஒரு சகோதரி இருக்கிறார். வீட்டுக்காரர் கருப்புச் சட்டைக்காரர். தடுக்கிறதில்லை. மழை நாளில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார். நம் பிள்ளைகள் ஒட்ட நினைத்த அந்தப் போஸ்டரை முதலில் வாசிப்பவர் அவராகத்தான் இருந்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய் அவரோடே டீ குடித்தேன். "சார், ஒரு கேள்வி கேட்கலாமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்று ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் கேட்டார். அவர் குடும்பத்தில் செத்துப்போன ஒரு குழந்தையைப் பற்றின கேள்வி கடைசியாய் வந்தது. அதற்கு என்னிடத்தில் பதில் வசனம் இல்லை. யோவான் 11ல் ஆண்டவர் கல்லறைக்கு முன்னால் அழுததை மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீக்குக் காசை அவரே கொடுத்துவிட்டார்.

ஆகவே வருகிற மாதத்திலிருந்து, இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, ஆராதனை மண்டபத்திலேயே பாய் விரித்து ஒரு கேள்வி நேரம் வைக்கிறோம். பாட்டு இல்லை, காணிக்கை இல்லை, மைக் இல்லை. நம்பாதவர்களை அழைத்துவாருங்கள். வாலிபர் கூட்டத்தார் முன்வரிசையை அவர்களுக்கு விட்டுவிட்டுப் பின்னால் உட்காரவும். அவர்கள் பேசி முடிக்குமுன் யாரும் வேதத்தைத் திறக்க வேண்டாம். சுக்குக் காப்பி பொறுப்பு சகோதரிகள் ஐக்கியத்துக்கு. இதற்காக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாரத்தோடே ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஊழியக்காரன்